நந்திக்கடலோரத்துக் கிழவியும் எங்கள் அம்மம்மாவும்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் இலக்கியத்தில் தாயைத் தேடி அலைய வேண்டியதில்லை. நற்றாய் இருக்கிறாள், செவிலித்தாய் இருக்கிறாள், மகனைக் களத்துக்கு அனுப்பிய மறக்குடித் தாயும் இருக்கிறாள். பாட்டியைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஔவையாரைப் பாட்டி என்கிறோம். யாருக்குப் பாட்டி என்று கேட்டால் எல்லோருக்கும் என்றுதான் பதில் சொல்லலாம். பேரப்பிள்ளையை மடியில் இருத்திச் சோறூட்டிய ஒரு கிழவியைப் பழைய பாட்டுகளில் காண்பது அரிது.

ஆனால் முல்லைப்பாட்டிலே முதிய பெண்கள் சிலர் வருகிறார்கள். நப்பூதனார் பாடியது அது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிகள்தாம். போருக்குப் போன தலைவன் இன்னும் திரும்பவில்லை. தலைவி கலங்கிப்போய் இருக்கிறாள். மழைக்கால மாலையில் இந்த முதிய பெண்கள் நாழியிலே நெல்லும் முல்லைப்பூவும் கொண்டு ஊர்ப்புறத்துக்குப் போய்த் தூவி வணங்கி, யாருடைய வாயிலிருந்தாவது ஒரு நல்ல சொல் விழாதா என்று காத்து நிற்கிறார்கள். அங்கே, குளிருக்குக் கைகளைத் தோளிலே கட்டிக்கொண்டு நின்ற ஆய்மகள் ஒருத்தி, தாயைக் காணாமல் தவிக்கும் கன்றைப் பார்த்து, உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள் என்று தேற்றுகிறாள். கன்றுக்குச் சொன்ன அந்தச் சொல்லையே நற்சொல்லாக எடுத்துக்கொண்டு வந்து தலைவிக்குச் சொல்கிறார்கள். வன்னியிலே இந்தப் பாட்டைக் கற்பிக்கின்ற ஆசிரியனுக்கு உரை நூல் அதிகம் தேவைப்படுவதில்லை. வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுள் பாதிப் பேர் அப்படி நின்ற ஒரு கிழவியைத் தங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறார்கள்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அப்படியான ஒரு கிழவியைப் பற்றித்தான். அவர் என் தாயின் தாய். பிறந்து, வாழ்க்கைப்பட்டு, விதவையாகி, ஏழு பிள்ளைகளை வளர்த்து எடுத்தது எல்லாம் முள்ளியவளையிலே. எழுத வாசிக்கத் தெரியாது. கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல்தான். அப்படிப்பட்டவரைப் பற்றி ஓர் இலக்கிய உரையிலே பேசலாமா என்று யாரும் கேட்டால், பேசலாம் என்பதற்கான காரணத்தைச் சொல்ல முதலில் வற்றாப்பளைக்குப் போக வேண்டும்.

முல்லைத்தீவு நகருக்கும் வற்றாப்பளைக்கும் இடையிலே கிடப்பது நந்திக்கடல். கடல் என்று பெயர் பெற்றாலும் அது ஒரு களப்பு. மதுரையை எரித்த கண்ணகி சினம் ஆறாமல் ஈழத்துக்கு வந்து ஒவ்வோர் இடமாகத் தங்கித் தங்கிப் பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாம்பளை ஆகி, அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பது எங்கள் பகுதியார் சொல்லும் வரலாறு. அவள் அங்கே எப்படி வந்தாள் என்பதுதான் முக்கியம். மாடு மேய்த்துக்கொண்டு நின்ற சிறுவர்கள் களப்போரத்திலே ஒரு கிழவியைக் கண்டார்கள். பசிக்கிறது என்றாள். சிறுவர்கள் குழை வெட்டி ஒரு கொட்டில் போட்டு, பால் கறந்து, புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது; விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லையே ஆச்சி என்றார்கள். கடல் தண்ணீரை எடுத்து ஊற்றுங்கள் என்றாள். விளக்கு எரிந்தது. பிறகு, தலை கடிக்கிறது, பாருங்கள் பிள்ளைகளே என்று தலையை நீட்டினாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்க ஆயிரம் கண்கள். சிறுவர்கள் திகைத்து நிற்கும்போதே கிழவி மறைந்து போனாள்.

இந்தக் கதையை ஆலய மலர்களிலும் வரலாற்றுக் கட்டுரைகளிலும் பின்னாளில் வாசித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் விளக்குத்தான் பெரிது. உப்புநீரில் விளக்கெரிந்த அற்புதத்துக்கு ஒரு பக்கம் என்றால், புக்கை பொங்கியதற்கு ஒரு வரி. அம்மம்மா சொன்ன கதையிலே பங்கீடு மறுதலையாக இருந்தது. எந்த மரத்துக் குழை வெட்டினார்கள், எத்தனை கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள், முதல் தரம் பால் எப்படி எரிந்து போயிற்று, சிறுவர்களுள் மூத்தவன் இளையவனை எப்படி ஏசினான், கிழவி எத்தனை கைப்பிடி சாப்பிட்டாள் என்று விவரமாகச் சொல்லுவார். "வயசான மனுசி, பல்லில்லை, அதாலை நல்லாய்க் குழைய விட்டவங்கள்" என்பார். விளக்குக்கு வரும்போது எங்களுக்கு நித்திரை வந்துவிடும்.

கதை சொல்லுகிற நேரம் பெரும்பாலும் அவருடைய தலையை நாங்கள் பார்க்கிற நேரமாக இருக்கும். பின்னேரம் முற்றத்து வேப்பமர நிழலிலே பன்பாயைப் போட்டுக் குடுமியை அவிழ்த்து விடுவார். பேரப்பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் முழங்காலில் நின்று பேன் பார்ப்போம். பேன் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கதைக்குக் கூலி அது. ஆயிரம் கண் என்ற கட்டம் வரும்போது சிறியவள் ஒருத்தி கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு ஓடுவாள். அம்மம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

பக்தி என்று நாம் சொல்வது அவரிடத்தில் எந்த உருவத்தில் இருந்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். திங்களும் வெள்ளியும் விரதம். காலையில் காட்டா விநாயகரைக் கும்பிடாமல் தேநீர் வாயில் வைக்கமாட்டார். புராணபடிப்பு நடக்கும் நாள்களில் தூணோரமாக இருந்து, பயன் சொல்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். இதெல்லாம் அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லோரிடமும் இருந்ததுதான். அவரிடம் தனியாக இருந்த வழக்கம் ஒன்று உண்டு. அன்றாடம் உலை வைக்கும்போது அளந்த அரிசிக்கு மேல் ஒரு பிடி போடுவார். ஆருக்கு என்று கேட்டால், "ஆரும் வந்தால்" என்பார். வராவிட்டால்? "வராட்டி உங்களுக்கு." யாரும் அறியாத வயோதிபப் பெண் யாரும் படலையில் நின்றால் வீட்டில் ஒரு பரபரப்பே உண்டாகும். சாப்பிட்டு முடியும்வரை பெயரைக் கேட்கக்கூடாது. அது அம்மம்மாவின் கட்டளை.

இனிச் சிலப்பதிகாரத்துக்கு வருகிறேன். மதுரைப் புறஞ்சேரியிலே கவுந்தியடிகள் கண்ணகியை யாரிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார்? மாதரி என்ற ஆயர்குல முதியவளிடம். இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டு அந்த வழியாகத் திரும்பி வருகிறவள் அவள். மடை என்கிற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கொண்டுபோகும் பொருள்களை இன்றைக்கும் மடைப்பண்டம் என்றே சொல்லுகிறோம். மாதரி தன் மகள் ஐயையைத் துணையாக வைத்து, பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், அரிசி, பால் எல்லாம் கொடுத்துக் கண்ணகியைச் சமைக்க விடுகிறாள். கோவலன் உண்ட கடைசிச் சாப்பாடு அதுதான்.

மதுரையிலே ஓர் இடைக்குல மூதாட்டி இளம் கண்ணகிக்கு அரிசி கொடுத்தாள். நந்திக்கடலோரத்திலே கண்ணகியே மூதாட்டியாகி வந்து இடைச் சிறுவர்களிடம் சோறு கேட்டாள். காப்பியத்தில் கேட்பவளாக இருந்தவள் இளையவள், இங்கே முதியவள். இரண்டு இடத்திலும் கொடுத்தது மாடு வளர்ப்பவர் குடி. இதை ஆராய்ச்சி முடிபாக நான் சொல்ல வரவில்லை. கதை கடல் தாண்டி வந்தபோது மாதரியின் நரைத்த தலையைக் கண்ணகி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இப்படியெல்லாம் தோன்றுவதற்கு முன் அம்மம்மாவுடன் ஒரு வழக்கு நடந்தது. 2002இல் ஏ-9 வீதி திறந்த பின்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்தேன். இளங்கோவடிகளை முழுமையாகப் படித்த பெருமை தலைக்கு மேல் இருந்த காலம். எங்கள் பகுதியிலே சிலம்புகூறலாகப் படிப்பதிலும் கோவலன் கூத்திலும் கண்ணகி ஒரு மாங்கனியிலே பிறந்தவள். பாண்டியனுடைய மாமரத்தில் காய்த்த கனி குழந்தையாகி, பேழையிலே கடலில் விடப்பட்டு, பூம்புகார் வணிகர் கையில் சேர்ந்தவள். ஆகவே அவள் நீதி கேட்டது, தான் அறியாமலே, தன்னுடைய தகப்பனிடம். கிழக்கிலே கண்ணகி வழக்குரையிலும் கதை இவ்வாறே. அம்மம்மாவிடம், இளங்கோவடிகளின் நூலில் இந்த மாங்கனி இல்லை என்று சொன்னேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர் உலக்கையை நிறுத்தாமலே சொன்னார்: "அது அவர் எழுதினது ராசா. இது நடந்தது."

பின்னர் அந்தப் பதிலை என் பேராசிரியர்களுள் ஒருவரிடம் சொன்னபோது, நாட்டார் வழக்காற்றியலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று சிரித்தார். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுகநாவலர் கண்ணகி வழிபாட்டைக் கண்டித்தவர். யாழ்ப்பாணத்திலே கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி முதலான பெயர்களுக்கு மாறின. வற்றாப்பளையிலே கண்ணகி கண்ணகியாகவே இருந்தாள். அவளை அப்படி வைத்திருந்தவர்கள் ஏடு படித்த புலவர்கள் மட்டுமல்லர். மாங்கனிக்காக வழக்காடிய இந்தக் கிழவிமாருந்தான். பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு, வேலப்பணிக்கன் ஒப்பாரி என்று மெற்றாஸ் மயில் தொகுத்த வன்னிவள நாட்டுப் பாடல்களும் இப்படிப்பட்ட வாய்களில் இருந்தே வந்தவை.

வைகாசி பிறந்தால் வீட்டில் அம்மம்மாவைப் பிடிக்க முடியாது. பாக்குத்தெண்டலோடு தொடங்கும். அடுத்த வாரம் தீர்த்தமெடுப்பு. முல்லைத்தீவுக் கடலிலே எடுத்த நீர் காட்டா விநாயகர் கோயிலுக்கு வரும். அந்த உப்புநீரில் ஒரு வாரம் விளக்கெரியும். ஞாயிறு இரவு அங்கே பொங்கல். பிறகு மடைப்பண்டம் வற்றாப்பளைக்குப் புறப்படும். திங்கள் அங்கே பெரும் பொங்கல். காவடியும் பாற்செம்பும் தூக்குக்காவடியும் வீதி நிறைந்து போகும். அந்த ஒரு வாரமும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, சத்தம் இல்லை, கடன் கேட்டு வருபவரை நாளைக்கு வா என்று சொல்வதும் இல்லை. வயலில் முதல் அறுத்த நெல்லிலே ஒரு கடகம் பொங்கலுக்கென்று புறம்பாக இருக்கும். மாரியிலே வீட்டில் அரிசி முடிந்து மரவள்ளி அவித்த நாள்களிலும் அந்தக் கடகத்தை யாரும் தொட்டதில்லை. ஒரே ஒரு முறை அதை அவரே அவிழ்த்தார்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது நேயர்களுக்குத் தெரியும். கிளாலி நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்த சனத்துள் சிலர் முள்ளியவளைக்கும் வந்தார்கள். 1996இல் கிளிநொச்சியும் பெயர்ந்தபோது இன்னும் வந்தார்கள். எங்கள் வளவிலே நான்கு குடும்பம். அவர்களுள் ஒரு மூதாட்டி, பேத்தி ஒருத்தியோடு வந்தவர், யாரோடும் கதையாமல் மாமரத்தடியிலே இருந்தார். இரண்டு நாள் சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் அம்மம்மா பாயைக் கொண்டுபோய் அவருக்குப் பின்னால் போட்டு இருந்துகொண்டு, "தலை கடிக்குதே? பாப்பம், திரும்பு மோனை" என்றார். என்னிலும் மூத்தவளை மோனை என்கிறாளே என்று அந்த மூதாட்டி திரும்பிப் பார்த்தார். பிறகு தலையைக் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் அழத் தொடங்கினார். அம்மம்மா ஒன்றும் கேட்கவில்லை; பேன் சீப்பை மட்டும் கேட்டார். அன்று இரவு பொங்கல் கடகம் அவிழ்ந்தது. பொங்கலுக்கு என்ன செய்வது என்று அம்மா தயங்கினார். "அவ வந்து இருக்கேக்கை பேந்தென்ன பொங்கல்" என்றார் அம்மம்மா. "அவ" என்று சொன்னது அந்த மூதாட்டியையா, வற்றாப்பளையாளையா என்று நாங்கள் கேட்கவில்லை. இருவரும் அதன் பிறகு பல மாதங்கள் பின்னேரங்களில் மாறி மாறித் தலை பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

2004 ஆழிப்பேரலையின்போது கரையோரத்துச் சனம் முள்ளியவளைப் பாடசாலைகளுக்கு வந்து நிறைந்ததையும், எண்பதை எட்டிய கிழவி கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்று அகப்பை பிடித்ததையும் விரித்துச் சொல்ல நேரமில்லை. 2009ஐச் சொல்லாமல் விட முடியாது.

அந்த ஆண்டு மே மாதம் போர் முடிந்தபோது, நந்திக்கடலைக் கடந்து வந்த இலட்சக்கணக்கான சனங்களோடு நாங்களும் வவுனியா மாவட்டத்து முகாம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் குடும்பத்தில் ஒருவர் வந்து சேரவில்லை. அம்மம்மாவின் கடைசி மகன், என் சின்ன மாமா. பொழுதுபடும் நேரத்தில் அம்மம்மா கம்பிவேலிப் பக்கமாகப் போய் நிற்பார். புதிதாக வந்து இறங்குபவர்கள் ஆளையாள் கூப்பிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார். "பின்னாலை வருகினம்" என்று யாரோ யாருக்கோ சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் வந்து, "பின்னாலை வருகினமாம்" என்று அம்மாவிடம் சொன்னார். முல்லைப்பாட்டை நான் வகுப்பில் நடத்தும்போது இந்த இடத்தில் என் குரல் எப்படி இருக்கும் என்பதை என் மாணவர்கள் அறிவார்கள்.

வைகாசிப் பொங்கல் நாள் முகாமிலேயே வந்தது. அம்மம்மாவுக்கு நாள்காட்டி தேவையில்லை. நிலாவைப் பார்த்துக் கணக்குச் சொல்லிவிட்டார். நிவாரண அரிசியிலே ஒரு பிடி, பருப்பிலே கொஞ்சம், பக்கத்துக் கூடாரத்தார் கொடுத்த சீனி. பானைக்குப் பதிலாகப் பால்மாப் பேணி ஒன்று. மூன்று கல் வைத்துச் சுள்ளி பொறுக்கி மூட்டினார். சுற்றிவரச் சனம் கூடிவிட்டது. எல்லோரும் எங்கள் பக்கத்து ஆட்கள். அது என்ன நாள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது ஒரு பெண், "ஆச்சி, ஒரு கைப்பிடி உப்பைத் தண்ணியிலை கரைச்சு ஒரு விளக்கும் ஏத்திப் பாப்பமோ?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் முகத்தில் ஓர் ஆசை வந்ததை நான் கண்டேன். அம்மம்மா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"வேண்டாம் பிள்ளை. அது அவவின்ரை வேலை. எங்கட வேலை சோறு வைக்கிறது."

பேணிப் புக்கை எத்தனை பேருக்குக் காணும்? விரல் நுனியில் எடுத்து ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் வைத்தார். ஒரு சிரட்டையிலே கொஞ்சம் எடுத்து மூடி வைத்தார். சின்ன மாமாவுக்கு. இருள்கிற நேரம்வரை அது அப்படியே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டுபோய், அடுத்த வரிசையில் தனியாக இருந்த ஒரு கிழவரிடம் கொடுத்துவிட்டு வெறுஞ் சிரட்டையோடு வந்தார். நாங்கள் அந்த முகாமில் இருந்தவரை ஒவ்வொரு நாளும் இது நடந்தது. சின்ன மாமா வரவில்லை. இன்றுவரை அவரைப் பற்றி நற்சொல்லோ துர்ச்சொல்லோ எங்கள் காதில் விழவில்லை.

ஊருக்குத் திரும்பிய பின் அம்மம்மா மூன்று ஆண்டுகள் இருந்தார். 2013 ஆவணியில், ஒரு விடியற்காலையில், நித்திரையிலேயே போனார். வீடு கூரையில்லாமல் இருந்தது, தகரம் போட்டுக்கொண்டோம். வேப்பமரம் தப்பியிருந்தது. கடைசிக் காலத்தில் கண் மங்கிவிட்டதால், பின்னேரங்களில் எதையாவது வாசித்துக் காட்டச் சொல்லுவார். அவர் போவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு நாள், மாங்கனி வழக்கு நினைவுக்கு வந்து, இளங்கோவடிகளையே கொஞ்சம் கொஞ்சமாகக் கதையாகச் சொல்லி வந்தேன். மாதரி வீட்டுச் சமையலிலே மாங்கனி இருக்கிறது என்று சொன்னபோது, "பாத்தியே" என்றார்.

வஞ்சிக் காண்டத்துக்கு வந்தோம். அடைக்கலப் பொருளை இழந்தேனே என்று மாதரி நள்ளிரவிலே தீயில் விழுந்ததையும், கவுந்தியடிகள் உண்ணாதிருந்து உயிர்விட்டதையும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். அழுகிறாரோ என்று பார்த்தேன், இல்லை.

"அந்த மனுசி நெருப்புக்குள்ளை போகமுதல் சாப்பிட்டவவோ?" என்று கேட்டார்.

நூலிலே அது இல்லை என்றேன்.

"அப்ப அந்தப் பெட்டை? ஐயை? தாயும் போனபிறகு அவள் தனிச்செல்லே போனாள். அவளுக்கு ஆர் சோறு குடுத்தது?"

சிலப்பதிகாரத்தைப் பற்றி எந்த வினாத்தாளிலும் நான் காணாத கேள்வி அது. ஆனால் அதற்கு நூலிலே விடை இருந்தது. காவற்பெண்டும், அடித்தோழியும், தேவந்தியும் புகாரிலிருந்து மதுரைக்கு வந்து, நடந்ததை அறிந்து, ஐயையையும் கூட்டிக்கொண்டு வைகைக் கரை வழியாகச் சேரநாட்டுக்குப் போனார்கள் என்று சொன்னேன்.

"கூட்டிக்கொண்டு போனவையோ?"

"ஓம் அம்மம்மா."

"அப்ப சரி" என்று சொல்லி, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.